குட்டிக்குப் பால் மறக்கடித்தது

அந்த இரண்டு மாதமும் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பால் குடித்த ஒரே ஜீவன் ஆட்டுக்குட்டிதான். குட்டி போட்ட நாலாம் நாள் தாய் ஆடு செத்துப்போனதால், வீட்டிலிருந்த பால்மா முழுவதும் குட்டிக்கென்று ஆகிவிட்டது. அப்பாவும் அத்தையும் நானும் பால் விடாத வெறும் தேயிலைச் சாயத்தண்ணியோடு சரி. அப்பா முணுமுணுத்துப் பார்த்தார். அத்தையிடம் அது எடுபடவில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனதிலிருந்து என்னை வளர்த்தவள். கொழுந்து பறிக்கப் போகுமுன் பால்மாவை வெந்நீரில் கரைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, போத்தலைக் குட்டியின் வாயில் வைப்பாள். மத்தியானம் வந்து ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம்.

மூன்றாம் மாதம் ஒரு வேளைப் பாலை நிறுத்தினாள், பிறகு இன்னொரு வேளையையும். பதிலுக்கு முள்முருங்கை இலையும் ஊறவைத்த புண்ணாக்கும் முன்னால் வைத்தாள். குட்டி அதை முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்துக் கத்தும். எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அத்தை மலையிலிருந்து இறங்குமுன், மலைத் தண்ணீர் விழும் பீலியில் பிடித்த பச்சைத் தண்ணீரில் பால்மாவைக் கெட்டியாகக் கரைத்துப் போத்தல் நிறையக் கொடுத்தேன். குட்டி வாலாட்டிக் குடித்தது. அத்தையை ஜெயித்துவிட்ட பெருமை எனக்கு.

மறுநாள் குட்டிக்கு வயிறு கழிந்து நிற்கக்கூட முடியவில்லை. அத்தை வேலைக்குப் போகாமல் உப்பும் சீனியும் கரைத்த வெந்நீரைக் கரண்டி கரண்டியாகப் புகட்டினாள். செத்துவிடுமோ என்ற பயத்தில் அழுதுகொண்டே உண்மையைச் சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

“பாவம் பாத்து குடுத்துக்கிட்டே இருந்தா எப்ப புள்ள அது எல திங்கும்? நாளைக்கு நான் இல்லாட்டி என்னா செய்யும்?”

“நீங்க எங்க போகப் போறீங்க அத்தை?”

“போயி அந்த போத்தல கழுவிக்கிட்டு வா” என்றாள்.

குட்டி பிழைத்தது. ஒரு வாரத்தில் இலையை இழுத்துத் தின்னவும் பழகிக்கொண்டது. அந்த நாட்களில்தான் அத்தை எனக்குத் தலை பின்னிவிடுவதை நிறுத்தி, சீப்பை என் கையில் கொடுத்தாள். என்மேல் இருந்த கோபம் இன்னும் போகவில்லை என்றே நினைத்துக்கொண்டேன்.

தை மாதம் அத்தையை வட்டகொடையில் கட்டிக்கொடுத்தார்கள். அவள் புறப்படும் காலையில் இரண்டு சடையையும் நானே பின்னி, ரிப்பனும் கட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் அத்தை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வகிடு கோணிவிட்டதாக்கும் என்று எனக்கு ஒரே வெட்கம். உள்ளே ஓடிப்போய் எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி பின்னினேன். பின்னி முடிப்பதற்குள் ஆட்டோ போய்விட்டது.