காது பார்க்கிறவரின் கார்

காருக்கு அடியிலிருந்து ஒரு கை வெளியே வந்து, ஸ்பேனரைக் கீழே வைக்கிறது. வைப்பதற்கென்றே அங்கே ஒரு பழைய கம்பளித் துண்டு விரித்திருக்கிறது. இரும்பு தரையில் படும் சத்தம் அவருக்கு ஆகாது.

ஆஸ்பத்திரியில் காது பார்க்கிறவர் அவர். கண்ணாடி அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, வெளியிலிருந்து மெல்லிய ஒலிகளை அனுப்புவார். கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். சிலர் ஒன்றும் கேட்காமலே, அவர் முகத்தைப் பார்த்துத் தூக்கிவிடுவார்கள். அதனால் முகத்தைச் சுவர் மாதிரி வைத்துக்கொள்ளப் பழகிவிட்டார். வீட்டுக்கு வந்தும் அது முழுதாக இளகுவதில்லை. நாற்காலிக் கால்களுக்கெல்லாம் துணி உறை தைத்துப் போட்டிருக்கிறார். ஃபிரிட்ஜ் கொஞ்சம் முனகினால் எழுந்துபோய் அதன் முதுகில் காதை வைப்பார்.

"மூணு டெசிபல் கூடியிருக்கு."

"நான் பேசுறதுல எத்தனை கூடியிருக்குன்னும் பாத்துச் சொல்லுங்க" என்பாள் மனைவி.

இந்த மனிதர்தான், இரண்டே பேர் உட்காரக்கூடிய இருபது வருடப் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு வீட்டிலேயே ஹெட்டர் மாட்டிக்கொண்டிருந்தார். எஞ்சினின் புகையை வெளியேற்றும் வார்ப்பிரும்புத் துண்டைக் கழற்றிவிட்டு, நான்கு வளைந்த குழாய்கள் ஒன்றாகச் சேரும் கொத்து ஒன்றை அங்கே பொருத்துவது. பொருத்தினால் வண்டி உறுமும். "தெருவே எழுந்து உக்காரும் சார்" என்று கடைக்காரர் சொன்னபோது, அந்தச் சுவர் முகத்தில் ஒரு விரிசல் விட்டதாக மனைவி சொல்கிறாள்.

பாதி வேலையில் அப்பாவின் பந்தயம் வந்து சேர்ந்தது.

அப்பா முப்பத்தோரு வருடம் ஆலையில் தகடு அடிக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றவர். "எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் வாய்க்குள்ளயே பேசுறீங்க" என்பது அவர் கட்சி. மகன் வாங்கிவந்த காது மிஷின் எட்டு மாதமாக ஃபிரிட்ஜின் தலையில் பிரிக்காமல் கிடக்கிறது. போன வாரம் ஹாரன் அடித்துக்கொண்டே பின்னால் வந்த குப்பை லாரி அவர் சட்டைக் கையை உரசிக்கொண்டு போனது. "ஓட்டுறவனுக்குக் கண்ணு தெரியலை" என்றார். மகன் அன்று சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அப்பாவே இறங்கிவந்தார்.

"ரூம் கதவை, ஜன்னலை எல்லாம் சாத்திட்டு உக்காந்திருக்கேன். உன் வண்டியை ஸ்டார்ட் பண்ணு. கேக்கலைன்னா மிஷினை மாட்டிக்கிறேன். கேட்டுச்சுன்னா அதைக் கொண்டுபோய்க் கடையிலயே குடுத்துடணும்."

மனைவி காருக்கு அடியில் குனிந்தாள். "ஏங்க, புத்தி இருக்கா உங்களுக்கு? இப்பப் போய் சத்தத்தைக் கூட்டுனா மாமா ஜெயிச்சிருவாரே."

"இதுவே கேக்கலைன்னா அப்புறம் அவரால ஒண்ணும் சொல்ல முடியாது" என்றது அடியிலிருந்து குரல்.

துருவேறிய பழைய நட்டுகளை, பந்தயத்துக்கு முன்பே இரண்டு வாரம் எண்ணெய் விட்டுக் காத்திருந்து கழற்றியிருந்தார். புது நட்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்குப் போகும் வரிசையில், ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். கடைசியாக, குழாய்களில் இருந்த விரல் தடங்களை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். துடைக்காமல் ஸ்டார்ட் செய்தால் அவை சூட்டில் வெந்து அப்படியே நின்றுவிடுமாம்.

"என் மூக்குக் கண்ணாடியை என்னிக்காவது இப்படித் தொடச்சிருக்கீங்களா?"

"நீ மாமாகூட உள்ளே உக்காரு. முகத்துல ஒண்ணும் காட்டாதே. உன்னைத்தான் பாப்பார்."

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி. அப்பா செய்தித்தாளோடு அமர்ந்தார். எதிரே மருமகள், முகத்தை இறுக்கிக்கொண்டு. நடுவே மேசைமேல், மாத்திரைக்காக வைத்த ஒரு டம்ளர் தண்ணீர்.

வண்டி உறுமியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்து வீட்டுக் கார் தானாக அலறத் தொடங்கியது. சமையலறையில் ஏதோ மூடி உருண்டு விழுந்து சுற்றிச் சுற்றி நின்றது. மருமகளுக்குப் பல் கூசியது. ஆனாலும் கண்ணைக்கூட இமைக்கவில்லை. அப்பா நிதானமாகப் பக்கத்தைப் புரட்டினார். மருமகளின் முகத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. பார்வை மேசைக்கு இறங்கியது. டம்ளரில் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கிக்கொண்டிருந்தது. அதைச் சற்று நேரம் கவனித்துவிட்டு விரலைத் தூக்கினார்.

"கேட்டுச்சு. வண்டி நல்லாப் பேசுது."

எஞ்சினை அணைத்துவிட்டு, கருத்த கைகளோடு அவர் உள்ளே வந்தார்.

"தூக்கினாரா?"

"தூக்கினார்" என்றாள் மனைவி. அவள் கண் டம்ளருக்குப் போய்த் திரும்பியது.

எஞ்சின் நின்று இவ்வளவு நேரமாகியும் அப்பாவின் விரல் மேலேயேதான் இருந்தது.

மகன் நேரே மேசைக்குப் போனார். டம்ளரை எடுத்து, ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

"டேய், அது மாத்திரைக்கு வெச்ச தண்ணிடா."

காலி டம்ளரை அது இருந்த ஈர வட்டத்திலேயே திரும்ப வைத்தார். சாவியை எடுத்துக்கொண்டு மறுபடி வண்டியை நோக்கி நடந்தார்.

அப்பாவின் விரல் மெல்ல மடங்கியது.