வளைவோடு திரும்பும் பஸ்

“ஏன் லேட்டு?” என்று தையல்கடைக்காரர் கேட்டார்.

“பஸ்ஸு ஊருக்குள்ள வரலைங்க” என்றார் அத்தை.

“மில்லுக்குப் போற உங்க ஊருப் பொண்ணுங்க எல்லாம் அப்பவே கடையத் தாண்டிப் போயிட்டாங்களே. அவங்க என்ன, றெக்கை கட்டிக்கிட்டா வந்தாங்க?”

“அவங்க பெரிய ரோட்டு வளைவுக்கே நடந்துபோய் ஏறிடுறாங்க.”

“அப்ப நீயும் அங்கயே போய் ஏறு. இதுக்கெல்லாமா நான் யோசனை சொல்லணும்?”

அத்தை மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டிருந்தார்.

“பாரும்மா, பள்ளிக்கூட யூனிஃபார்ம் மலையாக் குவிஞ்சு கிடக்கு. இந்த ஜன்னலோர மெஷினைக் கேட்டு ஆளுங்க நடையா நடக்குறாங்க. உன் கை சுத்தமான கைன்னுதான் விட்டு வச்சிருக்கேன். இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது.”

“சரிங்க.”

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்த நான், அன்று அத்தைக்குத் துணையாகப் பையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். ‘உங்க கால் விஷயத்தைச் சொல்லுங்களேன்’ என்று வாய்வரை வந்தது. அத்தை என்னைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டேன்.

கடைக்காரர் கெட்டவர் அல்ல. பஸ் அவருடைய கடைக்கு எதிரிலேயே நிற்கும். இறங்கினால் நாலு எட்டில் மெஷின். அந்த நாலு எட்டில் அத்தை கொஞ்சம் சாய்ந்து நடப்பார் என்பது மட்டும்தான் அவர் பார்த்தது. வீட்டிலிருந்து பஸ் நிற்கும் தண்ணீர்த் தொட்டிவரை வரவே அத்தை எத்தனை முறை நின்று மூச்சு வாங்குவார் என்பதை அவர் எங்கே பார்த்தார்?

அத்தை என் அப்பாவின் தங்கை. சின்ன வயதில் வந்த காய்ச்சல் இடது காலைச் சூம்பவைத்துவிட்டுப் போனது. கல்யாணப் பேச்சு எடுத்த இடமெல்லாம் தட்டிப்போக, எங்கள் வீட்டுப் பக்கவாட்டு அறையே அவருக்கு நிரந்தரமானது. ஒற்றைக் காலால் மிதித்துத் தைக்கப் பழகியது அந்த அறையில்தான். “ரெண்டு காலும் இருக்குறவளுக எல்லாம் நூலை அறுத்துக்கிட்டு நிக்கிறாளுக. எனக்கு ஒரு காலு, அதனால ஒரே நெனப்பு” என்று சிரிப்பார். வீட்டிலேயே தைக்கலாமே என்று அம்மா சொன்னபோது மட்டும் அவர் சிரிக்கவில்லை. “கடைக்குப் போனாத்தான் அண்ணி நானும் நாலு மனுஷரோட ஒருத்தி. இங்க உக்காந்தா நான் இந்த ரூமு” என்றார்.

எங்கள் ஊருக்குக் காலையில் ஒரே ஒரு பஸ். டவுனிலிருந்து வந்து, பெரிய ரோட்டு வளைவில் பிரிந்து, வயல்களுக்கு நடுவே ஊருக்குள் வந்து, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு அதே வழியில் திரும்பும். எல்லோரும் தொட்டியடியில்தான் ஏறுவார்கள். யாரோ ஒருவருக்கு ஒரு யோசனை வந்தது. வளைவுவரை நடந்துபோய், பஸ் உள்ளே வரும்போதே ஏறிவிட்டால் ஜன்னலோரம் நிச்சயம். மறுநாள் இன்னும் சிலர். அதற்கப்புறம் தொட்டியடியில் நின்றவர்களுக்கு உட்கார இடமில்லை, அவர்களும் நடந்தார்கள். போட்டி போட்டுக்கொண்டு விடிந்தும் விடியாமலும் ஊரே வளைவுக்குப் போனது. கடைசியில் பஸ் ஊருக்குள் வந்தால், தொட்டியடியில் ஊன்றுகோலோடு அத்தை மட்டும் நிற்பார்.

ஒரு டிரைவர் எத்தனை நாளைக்குத்தான் ஒரு ஆளுக்காகக் குண்டும் குழியுமான ரோட்டில் வந்துபோவார்? ஒருநாள் வளைவிலேயே வண்டியைத் திருப்பிவிட்டார். ஏறினவர்கள் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் அவர்களுக்கும் நல்லதுதானே. அத்தை தொட்டியடியில் வெயில் ஏறும்வரை நின்றுவிட்டு, எந்த மாட்டுவண்டியோ, யாருடைய ஸ்கூட்டரோ அகப்பட்டால் அதில் போவார். இல்லாவிட்டால் வீட்டுக்குத் திரும்புவார். அப்பா விடியும் முன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

கடைக்காரர் கெடு வைத்த அன்று சாயங்காலம் அத்தை பக்கத்து வீடுகளுக்குப் போய்ப் பேசினார். “நாளைக்கு ஒரு நாளு எல்லாரும் தொட்டிகிட்டயே நில்லுங்க. தானா உள்ள வருவான்.”

“நாங்க நிப்போம்க்கா. எதிர்வீட்டுக்காரன் நைசா நழுவிப் போயிடுவானே” என்றார் பால்காரர். எதிர்வீட்டுக்காரரிடம் கேட்டால், அவர் பால்காரரைச் சொன்னார்.

விடுமுறை முடியும்வரை நானே வளைவுக்குப் போய் டிரைவரிடம் சொல்கிறேன் என்றேன். மறுநாள் வளைவுக்கு நடந்தேன். பஸ் வந்தது. எல்லோரும் முண்டியடித்து ஏறினார்கள்.

“உள்ள யாராச்சும் இருக்காங்களா?” என்று டிரைவர் பொதுவாகக் கேட்டார். எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.

“ஒருத்தர் நிக்கிறாங்க” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.

“ஒரு டிக்கெட்டுக்கு உள்ள போகணுமா? டீசலு உங்க வீட்டுலயா ஊத்துறீங்க?” என்றார் கண்டக்டர்.

“அந்த டிக்கெட்டும் காசு குடுத்துத்தானேங்க ஏறுறாங்க” என்றேன். டிரைவர் ஸ்டியரிங்கை ஓங்கி ஒரு தட்டு தட்டிவிட்டு வண்டியை உள்ளே ஓட்டினார். பின்னால் யாரோ, “படிச்ச பொண்ணு, சட்டம் பேசுது” என்றார்கள்.

தொட்டியடியில் அத்தை ஏறினார். யாரும் எழுந்து இடம் கொடுக்கவில்லை. கம்பியைப் பிடித்தபடி டவுன்வரை நின்றுகொண்டே போனார். கடை திறக்கும்போது மெஷினில் இருந்தார். அந்த வாரம் முழுவதும் அப்படியே நடந்தது. கடைக்காரர் புதுத் துணிக்கட்டு ஒன்றை அவர் பக்கம் நகர்த்திவைத்தாராம். அதை அத்தை வீட்டில் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

வாரக் கடைசியில் மில்லுக்குப் போகும் பெண் ஒருத்தி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாள். சண்டைக்கு வந்தவள் மாதிரி இல்லை. களைத்துப்போயிருந்தாள்.

“அக்கா, பஸ்ஸு உள்ள வந்து திரும்புறதுக்குள்ள மில்லு கேட்டை மூடிடுறான். இன்னிக்கும் எனக்கு அரை நாள் போச்சு. உங்கள ஒண்ணும் சொல்லலைக்கா. எம்புள்ளைக்கு உடம்பு சரியில்ல, அதான்.”

“புள்ளைக்கு என்ன?” என்று அத்தை கேட்டார்.

“இழுப்பு.”

“உள்ள வந்து உக்காரு.”

“இல்லக்கா, வர்றேன்.”

அன்று அத்தை சாப்பிட்ட பிறகு என்னிடம், “இனிமே டிரைவர்கிட்ட ஒண்ணும் சொல்லாத” என்றார்.

“அவங்க எல்லாரும் பழையபடி தொட்டிகிட்ட நின்னா யாருக்கும் லேட்டே ஆகாது அத்தை. அவன் பாட்டுக்கு நேரத்துக்கு வந்து திரும்பிடுவான். வளைவுல ஏத்துறதுக்கு ஒரு நேரம், உள்ள போகணுமான்னு கேட்டுக்கிட்டு நிக்கிறதுக்கு ஒரு நேரம்னுதான் தாமதம்.”

“தெரியும். அவங்களுக்கும் தெரியும்.”

“அப்புறம் நீங்க ஏன் விட்டுக்குடுக்கணும்?”

“கோவப்பட்டுக்கிட்டு நிக்கிறதுக்கும் ஒரு காலு வேணும்டி” என்றார். சிரிக்க முயன்றார், சரியாக வரவில்லை.

நான் விடுதிக்குக் கிளம்பிய அன்று, பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“உங்க விடுதிப் பக்கம் மடக்கு ஸ்டூலு விக்கிறாங்களாமே, மாசக் கடைசிக்குள்ள ஒண்ணு வாங்கிட்டு வர்றியா? இருட்டோட கெளம்பிட்டா, வழியில உக்காந்து உக்காந்து வளைவுக்குப் போயிடுவேன். ஒரு கையில குச்சி இருக்கும், மறு கையால தூக்கணும், அதனால கனமில்லாததாப் பாரு. அண்ணன்கிட்டச் சொல்லாத.”