வட்டத்துக்கு நடுவில் ஒரு பெயர்

வியாழன், பிற்பகல் ஒன்றரை மணி. கோவையில் ஏறிய ரயில், சொன்ன நேரத்தைவிட ஒன்றரை மணி நேரம் தாமதமாக என்னைப் புனே ஸ்டேஷனில் இறக்கிவிட்டது. தொண்ணூறுகளின் கடைசி, ஆடி மாதத்து மழை. நான் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவனல்ல. "தீபாவுக்குக் கண்ணெல்லாம் மஞ்சளா இருக்குதுண்ணா" என்று என் தங்கை வசந்தி போனில் சொன்ன ஒரு வரி என்னை அவ்வளவு தூரம் இழுத்து வந்திருந்தது. தீபா அவள் மகள், எட்டு வயது.

வசந்தி குடியிருந்த போபோடிக்கு லோனாவாலா லோக்கலில் ஏறி, கட்கியில் இறங்கி நடக்க வேண்டும். டிக்கெட் மூன்று ரூபாய். எதிர் இருக்கையில் தேஹு ரோடு போகும் ஓர் அம்மாள். என் பையில் இருந்த கோவை ஜவுளிக்கடைப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தார்.

"போபோடில எங்க போறீங்க?"

சொன்னேன்.

"அங்க கொழா தண்ணி குடிச்சிடாதீங்க. காய்ச்சினாக்கூட பரோசா இல்ல, நம்ப முடியாது. எங்க மச்சினர் புள்ள ஒரு மாசம் படுத்துக் கெடந்தான்."

பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். நான் அப்படியொன்றும் தைரியசாலி இல்லை. ஐம்பது வயதிலும் போலீஸ்காரர் சும்மா பார்த்தாலும் சட்டைப் பொத்தானைச் சரிபார்க்கும் ஆள்.

மூன்று மணி. வசந்தியின் சந்து இரண்டு பேர் எதிரெதிராக வந்தால் ஒருவர் திரும்பிப் போக வேண்டிய அகலம். இருபுறமும் ஒற்றை அறை வீடுகள், நடுவில் சாக்கடை, சாக்கடைக்குள்ளேயே தண்ணீர்க் குழாய். அதைப் பார்த்த பிறகு யாரும் எனக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தீபா கட்டிலில் சுருண்டு கிடந்தாள். "மாமா" என்று கூப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். எதிர் வீட்டுக் குழந்தை ஆஸ்பத்திரியில் இருந்தது.

மாலையில் அரசுத் தொழிற்சாலை வேலை முடிந்து வசந்தியின் கணவர் குமரேசன் வந்தார். போபோடியிலேயே பிறந்து வளர்ந்தவர். பூர்விகம் வேலூர்ப் பக்கம். நடந்ததை அவர்தான் சொன்னார். வார்டு அலுவலகத்தில் மூன்று தடவை புகார் கொடுத்திருக்கிறார்கள். மூன்று தடவையும் அங்கே ரிஜிஸ்டரில் 'பழுது சரிசெய்யப்பட்டது' என்று எழுதிவிட்டார்கள். ஒரு மண்வெட்டிகூடச் சந்துக்குள் வரவில்லை.

"மூணாவது தபா போனப்ப இஞ்சினியர் சாஹேப் என்ன கேட்டாரு தெரியுமா மச்சான்? நீ எங்க வேல செய்றேன்னாரு. சொன்னேன். அத ஒரு சீட்டுல எழுதி வச்சிக்கிட்டாரு. அவ்ளோதான். திட்டல, ஒண்ணும் செய்யல."

அவர் குரல் தணிந்தது. சந்தில் பாதிப் பேர் அரசுத் தொழிற்சாலை ஊழியர்கள். இஞ்சினியரிடமிருந்து தொழிற்சாலை மேலிடத்துக்கு ஒரு கடிதம் போனால் விசாரணை, சஸ்பென்ஷன். அந்தச் சீட்டு எங்கே இருக்கிறது என்ற நினைப்பிலேயே அந்தச் சந்து தூங்கி எழுந்தது.

வெள்ளி, காலை ஐந்தரை. குழாயில் தண்ணீர் வந்தது. முதல் இரண்டு குடம் டீயின் நிறம். மூன்றாவது குடம் தெளிவாக வந்தது, ஆனால் நாற்றம் போகவில்லை. பெண்கள் முகம் சுளிக்காமல் பிடித்தார்கள். வேறு தண்ணீருக்கு எங்கே போவது?

மாலை ஏழு மணிக்கு ஆண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடினார்கள். இனி அதிகாரியிடம் போவதில்லை, நகரசேவக்கிடம், அதாவது தாங்கள் ஓட்டுப் போட்ட கவுன்சிலரிடம் போவது என்று முடிவாயிற்று. அவர் மாநகராட்சி சபையில் எழுந்து கேள்வி கேட்டால் அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும். திங்கட்கிழமை சபைக் கூட்டம். மனு தயாரானது. கையெழுத்துப் போடும் நேரத்தில் நான் எங்கேயும் பார்த்திராத ஒன்றைச் செய்தார்கள். வசந்தியின் சாப்பாட்டுத் தட்டைக் காகிதத்தில் கவிழ்த்து, பென்சிலால் ஒரு வட்டம் போட்டார்கள். அந்த வட்டத்தின் விளிம்பிலேயே சுற்றிச் சுற்றிக் கையெழுத்து.

"ஃபாக்டரில இப்டித்தான் மச்சான்," என்றார் குமரேசன். "மொதல்ல யாரு போட்டான்னு கண்டே பிடிக்க முடியாது."

நல்ல யோசனைதான் என்று மெச்சினேன். அந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த காரியம் அதுவே.

சனி, காலை பத்து. ஆண்களுக்கு ஷிப்ட். ஷிப்ட் இல்லாதவர்களுக்கும் ஏதோ ஒரு வேலை வந்துவிட்டது. வசந்தியும் நானும் போனோம். கவுன்சிலர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். எங்களுக்கு டீ சொன்னார். மனுவை வாங்கி இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார், தலைகீழாகவும் பார்த்தார். ஒரு பெயரும் புரியவில்லை. பயத்தில் எல்லோரும் கிறுக்கியிருந்தார்கள். வீட்டு எண்ணும் இல்லை.

அவரும் வசந்தியும் இந்தியில் பேசிக்கொண்டார்கள். எனக்குப் பாதி புரிந்தது, மீதியை அவள் பிறகு சொன்னாள்.

"யார் புகார்னு சபையில கேப்பாங்களே அம்மா. வட்டம்னா சொல்ல முடியும்?" என்றார் அவர்.

அப்போது போன் அடித்தது. பேசத் தொடங்கியவர் சட்டென்று நாற்காலியை விட்டு எழுந்தார். "ஜீ சார், ஜீ சார்." பேசி முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார். கூப்பிட்டவர் அதே வார்டு அலுவலகத்து அதிகாரி. போனை வைத்துவிட்டு, நான் எதிர்பார்க்காத விதமாக உள்ளதைச் சொன்னார். "இந்த ஆபீசருங்கள சபையில நிக்க வச்சா, நாளைக்கு என் வார்டு ஃபைல் ஒண்ணு நகராது. ரோடு, விளக்கு எல்லாம் நின்னுடும்."

அந்த அறையில் பயப்படாதவர் யாருமே இல்லை என்று எனக்கு அப்போது விளங்கியது. போய்விடலாம் என்று வசந்தியின் முழங்கையைத் தொட்டேன். அவள் நகரவில்லை.

"உங்கள நாங்க ஓட்டுப் போட்டு அனுப்பினோம். அவர யார் அனுப்பினா? அவர் போன் பண்ணா நீங்க ஏன் எழுந்து நிக்கறீங்க?"

அவர் மனுவை மேஜைமேல் வைத்தார். வசந்தி மேஜையிலிருந்த பேனாவை எடுத்தாள். இந்த ஊரில் ஒரு பெண் தன் பெயரை முழுசாக எழுதினால் கணவர் பெயரும் கூடவே வந்துவிடும். அது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"வேண்டாம் வசந்தி, மாப்பிள்ளை வேலை போயிரும்," என்றேன்.

"வேல போனா வேற பாக்கலாம்ணா. தீபாவுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா எங்க போயி வாங்கறது?"

வட்டத்துக்கு நடுவில் இருந்த வெற்றிடத்தில் 'வசந்தி குமரேசன்' என்று நிறுத்தி எழுதி, கீழே வீட்டு எண்ணைப் போட்டாள். கவுன்சிலர் காகிதத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்று மாலை விஷயத்தைக் கேட்ட குமரேசன் சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஞாயிறு முழுவதும் சந்து முனையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டபோதெல்லாம் எழுந்துபோய்க் கதவிடுக்கு வழியே பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்களோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

திங்கள் மாலை ஐந்து மணிக்குக் கவுன்சிலரின் ஆள் வந்து வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். கேள்வி கேட்டாகிவிட்டது. பெயரையும் படித்தாகிவிட்டது.

செவ்வாய், காலை ஆறரை. சந்து முனையில் ஜீப் வந்து நின்றது. கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. இஞ்சினியர் கையில் நோட்டுடன் வந்து, வசந்தி குமரேசன் வீடு எது என்று கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ஏழு மணி ஷிப்டுக்குத் தயாராக யூனிஃபார்மில் இருந்த குமரேசன் வெளியே போனார்.

"நம்ம வீடுதான் சாஹேப். நான்தான் குமரேசன்."

அதையும் அவர் எழுதிக்கொண்டார். பின்னால் இரண்டு ஆட்கள் மண்வெட்டியோடு வந்து குழாயோரம் தோண்ட ஆரம்பித்தார்கள். குமரேசன் சைக்கிளை எடுத்துக்கொண்டு தொழிற்சாலைக்குக் கிளம்பினார். அங்கே அவருக்காக என்ன காத்திருக்கும் என்று அவருக்கும் தெரியாது.

அன்று மாலை ரயிலேறினேன். சந்தில் பள்ளம் அப்படியே இருந்தது. மனதிலிருந்த பயமும் போகவில்லை. கோவையில் என் தெருவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சுத்தமான தண்ணீர் வருகிறது. இருபது வருடமாகக் குடித்து வருகிறேன். அந்தக் குழாய்க்காக எந்த வீட்டுப் பெண் எந்தக் காகிதத்தில் தன் பெயரை எழுதினாள், பக்கத்தில் உட்கார்ந்து யார் அவளை வேண்டாம் என்று தடுத்தார்கள் என்று நான் ஒரு நாளும் விசாரித்ததில்லை.