அக்கா கேட்ட கேள்வி

எங்கள் அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தக்காரர்கள் முதல் பக்கத்துப் படத்தைப் பார்த்துவிட்டு மடித்துப் பையில் போட்டுக்கொள்வீர்கள். எனக்கும் அந்தப் பழக்கம்தான். இந்த ஒரு முறை மட்டும் படித்துவிடுங்கள்.

நம் சொந்தத்தில் அக்காவைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. "ஊர்ப் புள்ளைங்கள எல்லாம் பாத்தா, சொந்தத் தங்கச்சி புள்ளைய கோட்ட வுட்டுட்டா." பதினோரு வருடமாக நடக்கிற பேச்சு. அது பொய். பொய் என்று தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன்.

அக்கா பூரணாங்குப்பத்தில் பிறந்தார். அப்பா கூலிக்கு ஏர் ஓட்டியவர். அம்மா இறந்தபோது எனக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பதினாறு. எனக்குப் பேன் பார்த்ததிலிருந்து நான் பெரியவளானபோது தண்ணீர் ஊற்ற ஆள் தேடியது வரை எல்லாம் அக்காதான். தனக்கு வந்த இரண்டு வரன்களையும் "தங்கச்சி சின்னது" என்று திருப்பி அனுப்பினார். மூன்றாவது வரன் வரவே இல்லை.

பிளஸ் டூ படித்திருந்ததால், ஒரு மருத்துவக் கல்லூரி நடத்திய குழந்தை நோய் ஆராய்ச்சியில் அவருக்கு வேலை கிடைத்தது. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்கு வாரம் ஒரு முறை போக வேண்டும். காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, பேதி உண்டா என்று தாளில் அச்சடித்தபடியே கேட்க வேண்டும். ஒரு வார்த்தை கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி கேட்டால்தான் ஆராய்ச்சி செல்லுமாம். பேதி உண்டு என்றால் சின்ன டப்பாவில் மலம் வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே அனுப்ப வேண்டும். அவர் போய்வந்த ஊர்களில் ஒன்றான மணப்பட்டில் அவருக்கு 'டப்பா அக்கா' என்றே பெயர்.

"இன்னாக்கா, இன்னிக்கு எங்க வூட்ல போணி இல்ல" என்று அங்குள்ள பெண்கள் கிண்டல் செய்வார்கள்.

"போணி ஆவாம இருந்தா நல்லதுதான்டி" என்று இவரும் சிரிப்பார். சிரித்துக்கொண்டே குழந்தையைத் தூக்கி எடை போடுவார். அந்தக் கையில் குழந்தைகள் அழமாட்டார்கள்.

என்னைக் கரிக்கலாம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்தார். என் மகளும் அந்த ஆராய்ச்சிப் பட்டியலில் இருந்தாள். வாரா வாரம் அக்காவே வந்து பார்ப்பார். அவளுக்கு ஒன்றேகால் வயதானபோது இரண்டு நாளாகப் பச்சையாகப் போய்க்கொண்டே இருந்தது. என் மாமியார் தோஷம் என்றார். மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டு வந்தோம். "கல்யாணம் ஆவாதவ தொட்டுத் தொட்டுத் தூக்கறா இல்ல, அதான். மூணு நாளைக்கு அவ நெழலு படக்கூடாது" என்றார் மாமியார். என் அக்காவைத்தான் சொல்கிறார் என்று தெரிந்தும் நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. எனக்கும் உள்ளுக்குள் பயம்.

அன்றைக்கே அக்கா வந்தார். வாசலில் நின்று தாளைப் பிரித்தார்.

"இந்த வாரம் குழந்தைக்குப் பேதி உண்டா?"

"இல்ல."

நம் பக்கம் 'பேதியில போவ' என்பது வசவு. பெற்ற பிள்ளையின் மேல் அந்தச் சொல்லை எந்தத் தாய் வைப்பாள்? எங்களுக்கு அது தோஷம், பேதி இல்லை. அதனால் இல்லை என்றது எனக்குப் பொய்யாகக்கூடத் தோன்றவில்லை. அக்கா 'இல்லை' என்று எழுதிக்கொண்டு தாளை மடித்தார். ஆனால் கிளம்பவில்லை.

"ஏன்டி, பாப்பா சத்தமே காணமே? உள்ள வந்து பாக்கட்டுமா?"

"இப்பதான் தூங்குச்சி. நீ கெளம்பு."

இது பொய்தான். பாப்பா கண் செருகிப்போய்த் துணியில் கிடந்தாள். அக்கா கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு போனார். பேதிக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்பு சர்க்கரைப் பொட்டலம் அவர் பையில்தான் இருந்தது. மறுநாள் காலை பிள்ளையின் கை கால் சில்லிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

சாவு வீட்டில் அத்தனை பேர் நடுவில் நான் கத்தினேன். "வாரா வாரம் வந்து இன்னாத்த பாத்துக் கிழிச்ச?" நான் சொன்ன 'இல்லை' எழுதிய தாள் அக்காவிடம் இருந்தது. அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அன்றிலிருந்து நீங்கள் யாரும் வளைகாப்புக்கோ பேர் வைக்கவோ அவரைக் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடச் சொல்லவில்லை. கல்யாணங்களுக்கு வந்தால் கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். வீட்டில் டி.வி.யைச் சத்தமாக வைத்துவிட்டு அடுப்படியில் வேலை செய்வார். எப்போதோ ஒரு முறை போனபோது ஏன் என்று கேட்டேன். "யாரோ பேசறாப்பல இருக்கும்டி" என்றார்.

சிறுநீரகம் கெட்டுப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது முதலில் ஓடி வந்தது மணப்பட்டுப் பெண்கள். நான் கடைசி மூன்று நாள்தான் போனேன். கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அன்னிக்கு நான் பொய் சொன்னன்" என்றேன்.

"தெரியும்டி, வுடு. தப்பு என்னுது. நான் தாளப் பாத்து கேட்டன். அக்காவா கேட்டிருந்தா நீ சொல்லியிருப்ப."

என்னால் அழத்தான் முடிந்தது. மறுநாள் போய்விட்டார்.

காரியத்துக்கு ஆராய்ச்சி டாக்டர் அம்மா வந்தார். அவர் சொல்லித்தான் தெரியும்: பாப்பா போன மறுவாரமே கூட்டத்தில் அக்கா எழுந்து, பேதி என்ற சொல்லையே தாளிலிருந்து எடுக்கச் சொன்னாராம். எத்தனை தடவை தண்ணியாகப் போனது என்று கேட்க வேண்டும், குழந்தை தூங்கினாலும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும் என்றாராம். அப்படியே மாற்றிவிட்டார்களாம். "ஒரு வீட்ல நான் கேட்ட விதம் தப்பாயிடுச்சு" என்றாரே தவிர, யார் வீடு என்று சொல்லவில்லையாம்.

முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த மணப்பட்டுப் பெண்களுக்கும் டாக்டர் அம்மாவுக்கும் என் நன்றி. மலரை அச்சடித்த சித்தப்பா, "செத்தவங்கள பத்தி நாலு நல்ல வார்த்த எழுதும்மா, இதெல்லாம் எதுக்கு? உன்னதான் ஏசுவாங்க" என்றார். ஒரு வரிகூட வெட்டாமல் போட்ட அவருக்கும் நன்றி. ஏசுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

அக்கா, ஆஸ்பத்திரியில் எனக்கு வாய் வரவில்லை, அதனால் இங்கே சொல்கிறேன். தாளில் இருந்தது பேதி உண்டா என்பது மட்டும்தான். "உள்ள வந்து பாக்கட்டுமா" என்பது எந்தத் தாளிலும் இல்லை. அதை நீ அக்காவாகத்தான் கேட்டாய்.