பொனட்டின் கீழ் ஒரு ஞாயிற்றுக்கிழமை

“பெட்டையள் பொனட்டைத் திறப்பினம். பிறகு அதை மூட ஒரு ஆம்பிளை வரவேணும்.”

அப்பா இதை என்னிடம் சொல்லவில்லை. ஞாயிறு பூசை முடிந்து தேவாலய வாசலில் நின்ற ஆண்களிடம் சொன்னார், எனக்குக் கேட்கும் சத்தத்தில். தொழில்நுட்பப் பள்ளியில் நான் இயந்திரவியல் பிரிவில் சேர்ந்த வாரம் அது. எல்லோரும் சிரித்தார்கள். அம்மா செபமாலையைப் பைக்குள் வைப்பதுபோலக் குனிந்துகொண்டார்.

நான் அந்தப் பிரிவிலேயே படித்து முடித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளியை முடித்த முதல் ஆள் நான்தான். அப்பாவின் பள்ளியைப் போர் பறித்தது. அம்மாவின் பள்ளியை வீட்டு வேலை பறித்தது. என்னுடையதைப் பறிக்க யாரையும் நான் விடவில்லை.

ஊரைவிட்டு வந்து சேர்ந்த இந்த வெளிநாட்டு நகரத்தில், ஒரேத்தோ என்ற பகுதியில், நாங்கள் இருந்தது ஒரு பழைய கட்டடத்தின் கீழ்வீடு. நடுவில் முற்றம், சுற்றிலும் மாடிகள். முற்றத்து மூலையில் எங்கள் சின்னக் கார் நிற்கும். அம்மாவின் உழைப்பில் வாங்கியது, ஓட்டுவது நான். நகரத்துக்கு வெளியே, மேட்டுத் தோட்டங்கள் உள்ள சியாகுல்லியில் மண்டரின் தோடம்பழம் பொதி செய்யும் கொட்டகையில் அம்மாவுக்கு வேலை. கடைசிப் பருவத்துப் பழம் வரும் மாதங்களில் விடியும்போதே அங்கே நிற்கவேண்டும். அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் இல்லை. அம்மா அங்கே இருக்கும் நேரம்தான் அவருக்கு அப்பாவின் அடி விழாத நேரம். அதனால் கார் ஓடுவதும் அம்மாவின் முதுகும் எனக்கு ஒரே விஷயமாக இருந்தன.

நத்தார்ப் பண்டிகை முடிந்து அந்தப் பழம் வரத் தொடங்கியபோது எஞ்சினின் மேல் மூடி ஒழுகியது. எங்கள் ஆட்கள் அதை டப்பட் கவர் என்பார்கள். மூடிக்கும் எஞ்சினுக்கும் இடையில் ஒயில் கசியாமல் தடுக்க ரப்பரில் ஒரு கேஸ்கெட் இருக்கும். அப்பாவின் வாயில் அது பக்கிங். அந்த ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. புதியது வாங்குவோம் என்று சொன்னேன். அப்பா நத்தார் பனெத்தோனே கேக் வந்த அட்டைப் பெட்டியை எடுத்தார். மூடியை அதன்மேல் வைத்து வரைந்து, பிளேட்டால் வெட்டி, இரண்டு பக்கமும் உடுப்புச் சவர்க்காரத்தைக் குழைத்துப் பூசிப் பொருத்தினார். பிறகு நீட்டுச் சாவியில், அதாவது ஸ்பனரில், முழு உடம்பாலும் தொங்கி நட்டுகளை இறுக்கினார்.

“தடைக்காலத்திலை வன்னி முழுக்க இப்பிடித்தான் ஓடினது. இறுக்கினால் எல்லாம் அடங்கும்.”

பொய் இல்லை. எதுவும் உள்ளே வராத அந்த ஆண்டுகளில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்கள், பால்மாப் பெட்டியில் பக்கிங் வெட்டியவர்கள், சவர்க்காரத்தால் பெற்றோல் தாங்கியின் ஓட்டையை அடைத்தவர்கள் எங்கள் ஆட்கள். ஆனால் அங்கே வேறு வழி இருக்கவில்லை. இங்கே உதிரிப்பாகக் கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. அதைச் சொன்னதற்கு என் கன்னத்தில் அறை விழுந்தது. அவருடைய கையில் சவர்க்கார மணம்.

வெள்ளிக்கிழமை சியாகுல்லி ஏற்றத்தில் அட்டை கைவிட்டது. ஒயில் பழுக்கக் காய்ந்த புகைக்குழாயில் வழிந்து, கார் முழுக்கப் புகை. இருமிக்கொண்டு தோட்டச் சுவரோரம் நிறுத்தினேன். அம்மா மீதித் தூரத்தை நடந்தே போனார். எஞ்சின் ஆறியதும் நான் இறக்கத்தில் மெல்ல மெல்லக் காரை முற்றத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். மேற்பார்வைக்காரர், திங்கட்கிழமையும் பிந்தினால் வேறு ஆளைப் போடுவதாகச் சொல்லிவிட்டார்.

பின்னேரம் அதைக் கேள்விப்பட்டதும் அப்பா சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் எறிந்தார். அம்மாவின் தலைமுடியைப் பிடித்து அந்தச் சோற்றுக்குள் முகத்தை அழுத்தினார். நான் இழுத்தேன், எனக்கும் விழுந்தது. திங்கட்கிழமை காரைப் பழைய இரும்புக்குக் கொடுக்கப்போவதாகவும் அம்மா இனி வீட்டில்தான் என்றும் சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார்.

சனிக்கிழமை நான் உதிரிப்பாகக் கடைக்குப் போய்ச் சரியான கேஸ்கெட்டை வாங்கினேன். பொருத்தப்போவது யார் என்று கடைக்காரர் கேட்டார். நான் என்றேன். என் கன்னத்தைப் பார்த்தார், பிறகு சிலிக்கன் பசைக் குழாய் ஒன்றையும் பையில் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா பூசைக்குப் போனால் பிறகு சீட்டு விளையாடிவிட்டு மத்தியானத்துக்குத்தான் வருவார். அம்மா காய்ச்சல் என்று படுத்திருந்தார். அப்பாவின் காலடிச் சத்தம் ஓய்ந்ததும் எழுந்து எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தார்.

பொனட்டை உயர்த்தித் தாங்குகம்பியை மாட்டினேன். எஞ்சின் குளிர்ந்திருந்தது. வயர்களைக் கழற்றி, எது எங்கே என்று பிளாஸ்டரில் குறித்து ஒட்டினேன். நட்டுகள் அசையவே இல்லை. அவருடைய கோபம் அந்த நட்டுகளின் புரிகளுக்குள் இருந்தது. சாவி வழுக்கும் ஒவ்வொரு முறையும் என் விரல்மூட்டு இரும்பில் அடிபட்டுத் தோல் உரிந்தது. மூடியைத் தூக்கியபோது அட்டை கறுத்த கூழாக வந்தது. பெட்டியின் பொன் எழுத்துகள் சில இன்னும் அதில் ஒட்டியிருந்தன. ஒரு துகளும் எஞ்சினுக்குள் விழாதபடி துணியால் மூடிக்கொண்டு, மரக் கரண்டிக் காம்பால் சுரண்டினேன். அம்மா பெற்றோல் நனைத்த துணியால் மூடியைத் துடைத்துத் தந்தார். புதிய ரப்பரை அதன் பள்ளத்துக்குள் அழுத்தி, மூலைகளில் மட்டும் கொஞ்சம் சிலிக்கன் வைத்தேன். மூடியை வைத்து, நடுவில் இருந்து வெளியே, ஒன்றுக்கு எதிர் ஒன்றாக, நட்டுகளைப் பூட்டத் தொடங்கினேன். இதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறுக்கவேண்டும். மிஞ்சினால் ரப்பர் நசியும், மறுபடி ஒழுகும்.

அப்பா வழக்கத்துக்கு முன்பே வந்துவிட்டார். சீட்டில் தோற்றிருக்கவேண்டும்.

முதலில் எட்டிப் பார்த்தார். நான் கட்டைச் சாவியை அதன் தலைக்குக் கிட்டப் பிடித்து, இரண்டு விரலால் திருப்புவதைக் கண்டதும் சிரித்தார்.

“உதென்ன, தையலே? நீட்டுச் சாவியைத் தா இஞ்சை.”

“வேண்டாம் அப்பா. இறுக்கித்தான் போனமுறை ஒழுகினது.”

நான் நிமிரவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன். தாங்குகம்பியைக் காலால் உதைத்தார். பொனட் என் முதுகிலும் இடது கையிலும் விழுந்தது. கை பொனட்டுக்கும் காரின் விளிம்புக்கும் நடுவில் அகப்பட்டது. எலும்பு முறிந்த சத்தத்தை நான் கேட்கவில்லை, அம்மா கேட்டாராம்.

பொனட் மேலே போனது. அம்மா இரண்டு கைகளாலும் அதைத் தூக்கித் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா தாங்குகம்பியைக் கழற்றி எடுத்து அதனாலேயே அம்மாவின் முதுகில் அடித்தார். திரும்பவும் அடித்தார். என் தலை கீழே இருந்ததால் அம்மா கையை விடவில்லை. ஒவ்வோர் அடிக்கும் பொனட் அதிர்ந்து என் தலைமயிரைத் தொட்டு மேலே போனது.

“நீ பூட்டு பிள்ளை,” என்றார் அம்மா. “நான் பிடிச்சிருக்கிறன்.”

நான் வலது கையால் பூட்டினேன்.

மேல்மாடி அம்மாள், நாங்கள் சிஞ்ஞோரா என்று கூப்பிடுபவர், பல்கனிக்கு வந்து, கராபினியேரிப் பொலிசுக்குப் போன் எடுத்தாயிற்று என்று கத்தினார். இத்தனை வருடமும் எங்கள் வீட்டுச் சத்தத்துக்கு ஜன்னலைச் சாத்தியவர் அவர். கீழ்வீட்டுக்குள் நடப்பது வேறு, பொதுமுற்றத்தில் நடப்பது வேறு போலும். மற்றப் பல்கனிகளிலும் ஆட்கள் நின்றார்கள். அப்பா மேலே பார்த்தார். கம்பியைக் கீழே போட்டார். உடுப்பைச் சரிசெய்துகொண்டு, பூசைக்குப் போகிறவரைப் போலவே வாசலால் வெளியே போனார்.

கடைசி நட்டு முடிந்ததும் அம்மாவின் கைகளைப் பொனட்டிலிருந்து நான்தான் பிரித்து எடுக்கவேண்டியிருந்தது. குறைந்த ஒயிலை ஊற்றி, வயர்களை மாட்டி ஸ்டார்ட் செய்தேன். எஞ்சின் சூடேறும்வரை காத்திருந்து, மூடியின் விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கடதாசியால் ஒற்றினேன். கடதாசி வெள்ளையாகவே வந்தது. அம்மா அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அதற்குள் கராபினியேரி இருவர் வாசலில் இறங்கினார்கள். அம்மா வழக்கம்போல ஒன்றுமில்லை என்று சொல்லத் தொடங்கினார். நான் அம்மாவின் சட்டையின் பின்பக்கத்தை உயர்த்தி அவர்களுக்குக் காட்டினேன். தாங்குகம்பியையும் எடுத்துக் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் என் கைக்கு மாக்கட்டு போட்டார்கள், அம்மாவின் முதுகைப் படம் எடுத்தார்கள். டெனுன்சியாவில், அதாவது முறைப்பாட்டில், முதல் கையெழுத்து என்னுடையது. அம்மா பேனாவை நெடுநேரம் பிடித்திருந்துவிட்டு இரண்டாவதை வைத்தார்.

அன்று நாங்கள் ஒரேத்தோவில் படுக்கவில்லை. அம்மாவோடு பழம் பொதி செய்யும் ஒரு பெண் பக்கத்து ஊரான பகேரியாவில் தன் வீட்டில் இடம் தந்தாள். திங்கட்கிழமை விடிய அவளே எங்கள் காரை ஓட்டினாள். சியாகுல்லி ஏற்றத்தில் புகை வரவில்லை. கொட்டகையில் அம்மா முதல் ஆளாக நின்றார், முதுகை நிமிர்த்த முடியாமல்.

இப்போது காரின் அடியில் ஒயில் சட்டியின் கேஸ்கெட்டும் லேசாகக் கசிகிறது. அது படுத்துக்கிடந்து செய்யும் வேலை, கட்டுக் கழற்றும்வரை என்னால் முடியாது. கேஸ்கெட்டை வாங்கி வைத்துவிட்டேன். அம்மாவை ஓட்டுநர் பள்ளியிலும் பதிந்துவிட்டேன். முதல் வகுப்பு போன வியாழக்கிழமை நடந்தது.