தீவாந்தரம் போனவருக்கு எழுதிக் கொடுத்த கடிதம்

தீவாந்தர தண்டனை பெற்றவனுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தால், எழுதினவனையும் கப்பலில் ஏற்றிவிடுவார்கள் என்று நான் நம்பினேன். அப்போது எனக்கு வயது நாற்பத்திரண்டு. சின்னப்பிள்ளைத்தனம் என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை.

சீமையில் மகாராணி காலமாகிப் புது ராஜா வந்த சமயம். போடி மலையில், குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் எனக்கு இங்கிலீஷ் எழுத்துவேலை. அங்கே குதிரைகளைப் பார்த்துக்கொண்ட கிழவர் அயர்லாந்துக்காரர். சுமைக்காரர்களிடம் தமிழ் கற்றவர் என்பதால் எல்லாரும் அவருக்கு மாப்ளைதான். ஒரு மழைநாளில் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“மாப்ளே, எனக்கு எழுத வராது. ஊருக்கு ஒரு கடுதாசி போடணும். ஆத்தா இருக்காளா, தங்கச்சி இருக்காளான்னு கேக்கணும்.”

“எம்புட்டு நாளாப் போடல, தொரை?”

“கப்பல்ல ஏத்துனதுல இருந்து.”

பதினெட்டு வயதில் ஓர் ஆட்டைத் திருடினாராம். தண்டனை ஏழு வருஷத் தீவாந்தரம். என் பேனா நின்றுவிட்டது. ஆனால் பயத்தைவிட ஆவல் பெரிதாக இருந்ததால் கேள்வியாய்க் கேட்டேன். கப்பலின் அடித்தட்டில் நாலு பேருக்கு ஒரு பலகை; மூன்று மாசக் கடல். ஆஸ்திரேலியாவில் ரோடு போட்டார், பிறகு குதிரை லாயத்தில் வேலை. பட்டாளத்துக்குக் குதிரை ஏற்றி வந்த கப்பலில் மதராஸ் சேர்ந்தார். ஒரு குதிரையைப் பிரிய மனமில்லாமல், அதை வாங்கிய துரையோடு மலையேறிவிட்டார்.

“ஊருக்கே திரும்பியிருக்கலாமே?”

“போறப்ப சும்மா கூட்டிட்டுப் போனாக. திரும்பி வர நாமதான் கூலி குடுக்கணும்.”

நான் முன்பு போடியில் பத்திரம் எழுதியவன். எழுதினவன் பேரை அடியில் போடாமல் விடக்கூடாது என்பது அந்தத் தொழிலின் வழக்கம். கிழவர் சொன்னதை எழுதி முடித்ததும், கை தானாகவே என் பேர், அப்பா பேர், சொந்த ஊர் சிலமலை, தோட்டத்து விலாசம் எல்லாவற்றையும் எழுதிவிட்டது. தபாலில் சேர்த்த பிறகுதான் செய்த காரியம் உறைத்தது. வீட்டுக்காரியிடம் புலம்பினேன்.

“ஆட்டைக் களவாண்டது அவரு. கப்பல்ல போறது நீங்களா? சோத்தத் தின்னுங்க.”

பல மாசம் கழித்துத் தபால்காரர் வந்தார். என் பேருக்குச் சீமையிலிருந்து பெரிய உறை, ஸ்டாம்பில் ராஜா தலை என்று வாசலிலிருந்தே சொன்னார். அடுத்த கணம் நான் ஏலக்காய் உலர்த்தும் அறையில், தட்டுகளுக்குப் பின்னால் இருந்தேன். சூட்டில் வேர்த்துக் கொட்டியது. தபால்காரரிடம் உறையை வாங்கிக்கொண்டு வந்து கிழவர் கதவைத் திறந்தார்.

“காஞ்சது போதும் மாப்ளே, வெளிய வா. கடுதாசியப் படி.”

“எம் பேருக்கு வந்திருக்கு தொரை. புடிக்கப் போறாக.”

“புடிக்கிறவன் கடுதாசி போட்டுட்டா வருவான்?”

அவர் உறையை நீட்டினார். பிரித்தேன். எங்கள் கடிதத்தில் இருந்த ஒரே விலாசம் என்னுடையது என்பதால் எனக்கே அனுப்பியிருந்தார்கள். என்னைப் பற்றி அதில் வேறு ஒரு சொல்லும் இல்லை. ஊர்ப் பாதிரியாரைக் கொண்டு தங்கை எழுதவைத்திருந்தாள். தாய், இவர் கப்பலேறிய மறு வருஷமே இறந்துவிட்டாள். தங்கை உயிரோடு இருந்தாள். கிழவர் அன்றே பதில் போடச் சொன்னார், எழுதினேன்.