மச்சான் காருக்கு வந்த அமைதி

அப்பாவின் ஒர்க்‌ஷாப் வீட்டோடு ஒட்டிய ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஒரு கார் நிற்கலாம். இரண்டாவது கார் வந்தால் அதன் பின்பாதி தெருவில்தான் நிற்க வேண்டும். இரண்டாவது கார் வந்ததாக யாருக்கும் நினைவில்லை.

வருகிற வாடிக்கையாளரிடம் அவர் முதலில் கேட்பது காருக்கு என்ன என்று அல்ல, இதற்கு முன்னால் எந்தப் பாவி கைவைத்தான் என்று. “நீங்கதான்” என்று சொன்னவர்களும் உண்டு. அதற்கெல்லாம் அசர மாட்டார். அப்படியானால் நடுவில் வேறு எவனோ தொட்டிருக்கிறான் என்பார். தெரியாது என்ற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை. மூக்குக் கண்ணாடியைச் சணலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, அதை வீடு முழுக்கத் தேடுகிறவர்.

இப்படிப்பட்டவர் ஒரே ஒரு ஆள் முன்னால் பெட்டிப்பாம்பாக அடங்குவார். அது அம்மாவின் அண்ணன், அப்பாவுக்கு மச்சான். மச்சான் கணக்குத் தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அலுவலகத்திலிருந்துதான், குற்றம் கண்டுபிடிப்பதிலிருந்து அல்ல. தங்கையை ஒரு கிரீஸ் கைக்குக் கொடுக்க மாட்டேன் என்று அந்தக் காலத்தில் குதித்தார். கொடுத்த பிறகும் குதிப்பதை நிறுத்தவில்லை. வீட்டுக்கு வந்தால் அப்பா இழுத்துப் போடும் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைப்பார். துடைத்த கைக்குட்டையை விரித்து அப்பாவிடம் காட்டுவார். பிறகுதான் உட்காருவார்.

அந்த வாயிலிருந்து மாப்பிள்ளை வேலை தெரிந்தவர் என்று ஒரு முறை வந்துவிட வேண்டும். அப்பாவுக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

மச்சானின் பழைய காரில் ஒரு லொடலொட சத்தம் கிளம்பியது. ஊரில் இருந்த மெக்கானிக்குகள் எல்லாரோடும் சண்டை போட்டு முடித்திருந்ததால், வேறு வழியில்லாமல் தங்கை வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வீடு நிறைய உறவுக்காரர்கள். இரவெல்லாம் நின்று ஆறியிருந்த என்ஜினை எல்லார் முன்னாலும் அப்பா திறந்தார்.

கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை. என்ஜினுக்குள் காற்றை விடும் வால்வு ஒன்றில் நட்டு தளர்ந்திருந்தது. வால்வுக்கும் அதை அழுத்தும் இரும்புக் கைக்கும் நடுவே, ஒரு மெல்லிய தகடு உரசிக்கொண்டு நுழையும் அளவுக்கு இடைவெளி வேண்டும். கூடினால் லொடலொடக்கும். இல்லாமலே போனால், சூட்டில் இரும்பு நீளும்போது வால்வு முழுதாக மூடாது. மூடாத வால்வு கொஞ்ச காலத்தில் கருகும். அளவு சரியாக இருக்கும் என்ஜினில் தையல் மெஷின் ஓடுவது போல ஒரு டிக்டிக் இருக்கத்தான் செய்யும்.

அப்பா தகட்டை வைத்து அளவைச் சரிசெய்தார். ஸ்டார்ட் செய்தார். லொடலொட போய்விட்டது.

“இன்னும் டிக்டிக்னு ஏதோ கேக்குதே, மாப்ள.”

அது இருக்க வேண்டிய சத்தம் என்று அப்பா விளக்கினார். மச்சான் உறவுக்காரர்கள் பக்கம் திரும்பினார். “குறையைச் சரிபண்ண முடியலேன்னா அது குறையே இல்லேன்னு எழுதிடுவாங்க. என் சர்வீஸ்ல இந்த மாதிரி ஃபைல் எத்தனை பாத்திருப்பேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள்.

அப்பா மறுபடி மூடியைக் கழற்றினார். இந்த முறை தகட்டை எடுக்கவில்லை. ஸ்பேனரை மட்டும் எடுத்தார். எல்லா வால்வுகளையும் இடைவெளியே இல்லாமல் இறுக்கி மூடினார்.

டிக்டிக்கும் நின்றது. மச்சான் பானெட்டில் காதை வைத்துப் பார்த்தார். குறை ஒன்றும் அகப்படாத ஏமாற்றம் முகத்தில் தெரிந்தது. “பரவால்ல மாப்ள. கையில விஷயம் இருக்கு.”

அதற்குப் பிறகு அப்பாவின் கால் தரையில் பாவவில்லை. பால்காரரிடம் சொன்னார். மின்கட்டணம் கணக்கெடுக்க வந்தவரை உட்காரவைத்துச் சொன்னார். கேட்டவர்களுக்கு மச்சான் யார் என்றே தெரியாது, அதையும் சொன்னார்.

அந்த வாரமே மச்சான் பெட்டியோடு வந்தார். மலை மேலே ஊரில் இருக்கும் சின்னத் தங்கையைப் பார்க்க, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறாராம். கார் வாசலில் ஓடிக்கொண்டே நின்றது. அம்மாவின் பையை எடுத்துக்கொண்டு வந்த அப்பா அப்படியே நின்றுவிட்டார். சூடேறிய என்ஜின் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஏர் ஃபில்டர் பக்கமிருந்து இடையிடையே ‘புஸ்’ என்று காற்று திரும்பி வந்தது. வால்வு மூடவில்லை.

சொன்னால் கிடைத்த ஒரே பாராட்டு போய்விடும். சொல்லாவிட்டால் வளைந்து வளைந்து ஏறும் அந்தப் பாதையில் பாதியில் கார் நிற்கும். முன்சீட்டில் அம்மா.

ஏர் ஃபில்டரில் தூசி, அஞ்சு நிமிஷ வேலை என்று சொல்லிக் காரைக் கொட்டகைக்குள் ஏற்றினார். ஆனால் என்ஜின் ஆறாமல் அந்த அளவை வைக்க முடியாது. அஞ்சு நிமிஷம் மத்தியானம் வரை நீண்டது. மச்சான் ஸ்டூலில் உட்கார்ந்து தணிக்கைக் கதைகளை எடுத்துவிட்டார். யார் பேச்சையும் முழுதாகக் கேட்டறியாத அப்பா, ஒவ்வொரு கதைக்கும் “அப்புறம்?” என்று கேட்டார். கேட்டுக்கொண்டே என்ஜினைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

“என்னங்க, ஃபில்டரை விட்டுட்டு என்ஜினைத் தடவிக்கிட்டே இருக்கீங்க?” என்றாள் அம்மா.

“நீ சும்மா இரு.”

கடைசியில் ஆறியது. மூடியைக் கழற்றினார், தகட்டை வைத்தார், ஒவ்வொரு நட்டாகத் தளர்த்தி அளவுக்குக் கொண்டுவந்தார், மூடினார். ஸ்டார்ட் செய்ததும் டிக்டிக் கேட்டது.

“போன சத்தம் திரும்பி வந்துடுச்சே, மாப்ள.”

அப்பாவிடம் பொய்க்குப் பஞ்சமில்லை. பெட்ரோல் சரியில்லை என்றிருக்கலாம். எவனோ நடுவில் தொட்டிருக்கிறான் என்றிருக்கலாம். கையைத் துடைத்தபடி நின்றார்.

“அன்னைக்கு சத்தத்தை நிறுத்தினதுதான் தப்பு, மச்சான். நாலு பேர் முன்னாடி சிரிச்சீங்களேன்னு இறுக்கிட்டேன். அப்படியே போயிருந்தா வழியில நின்னிருக்கும். என்ஜினும் போயிருக்கும்.”

மச்சான் விரலை மடக்கிக் கணக்கெடுத்தார். “ஆக, நீங்களே கெடுத்தீங்க, நீங்களே சரிபண்ணீங்க. அதுக்கு என்னை அரை நாள் உக்கார வெச்சீங்க.”

“ஆமா.”

தணிக்கைக் குறிப்பாகப் பார்த்தால் அதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை.

கார் மலை ஏறியது, இறங்கியது, அம்மாவைப் பத்திரமாகக் கொண்டுவந்து விட்டது. அதன்பிறகு காரில் ஏறுகிறவர்களிடம் எல்லாம் மச்சான் பேச்சை நிறுத்தி டிக்டிக்கைக் கேட்கச் சொல்வார். நன்றாக இருந்த காரை மாப்பிள்ளை கெடுத்த கதை அதிலிருந்து ஆரம்பிக்கும். சொந்தத்தில் ஒருவர் விடாமல் கேட்டார்கள். அப்பாவை எதிரில் வைத்துக்கொண்டே மச்சான் சொன்னார். அப்பா ஒரு முறைகூட மறுத்துப் பேசவில்லை. தெருவில் அந்தக் கார் வரும் சத்தம் கேட்டால் மட்டும் கையில் இருக்கும் வேலையை நிறுத்துவார். டிக்டிக் காதில் விழுந்ததும் மறுபடி குனிந்துகொள்வார்.

அப்பா போன அன்று, துக்கம் கேட்க வந்தவர்களிடமும் மச்சான் சொல்லிக்கொண்டிருந்தார். மனுஷர் தங்கம், கையில்தான் ஒன்றுமில்லை என்று. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்களைக் கூட்டிவர வேறு வண்டி அகப்படவில்லை. காலையிலிருந்து இருட்டும்வரை அந்தக் கார்தான் போய்ப் போய் வந்தது. எங்கேயும் நிற்கவில்லை.